பின்பக்கத்துப் போல்ட்

முன்பக்கத்துப் போல்ட்டை முறுக்கியது தெக்லாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரைக்குள் மணல் சிக்கி நறநறத்தது, துப்பட்டா நுனியால் துடைத்தாள், வாயால் ஊதினாள், ஆலன் கீயைத் திரும்பப் போட்டு முறுக்கினாள், இதற்கு மேல் போகாது என்று கைக்கே தெரிகிற இடம் வந்ததும் மூச்சைப் பிடித்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். அதெல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. பின்பக்கத்துப் போல்ட்தான் நிற்கவில்லை. அதன் குழியில் ஆலன் கீயை வைத்தது வரைக்கும் இருக்கிறது. அப்போதுதான் பாய்ப் பையின் மேல் படுத்திருந்த பிள்ளை சிணுங்கியது, சிணுங்கல் அழுகையானது, அந்த அழுகை காதில் விழுந்ததும் இவளுக்கு மார் இரண்டும் கனத்துக் குத்தி சட்டை நனைந்துவிட்டது, மோட்டார் படகைக் கிளப்பிக்கொண்டிருந்த கிளிட்டஸ் அண்ணன் பார்த்துவிடுவாரோ என்று கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்தாள். அதுவும் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு இல்லை. முறுக்கிவிட்டு எழுந்தாளா, எழுந்ததால் முறுக்கவில்லையா. ஆன்சிலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, ஆச்சாட்டி என்று கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியது நிச்சயம். ஆனால் அது ஆன்சிலாவுக்கு ஆட்டிய தலையா, இந்தா வந்துட்டேன் என்று பிள்ளைக்கு ஆட்டிய தலையா, அதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது. பிள்ளைக்கு மாரைக் கொடுத்து, துப்பட்டாவை இழுத்து மூடி, அது இரண்டு வாய் இழுத்து மூச்சு விட்ட பிறகுதான் தெக்லாவின் வலது கை தானாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, பின்பக்கத்துப் போல்ட் எங்கே என்று. அப்போது ஆன்சிலா பலகையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்த இரண்டு போல்ட்டும் பிடித்துக்கொண்டிருப்பது பலகைக்கு அடியில் இருக்கிற கம்பியை. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி, அதன் நுனியில் இரண்டு சிறகு, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. கிளிட்டஸ் அண்ணன் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொல்லுவார், ஆற்றுமுகத்தில் எல்லோரும் திருக்கை என்றுதான் சொல்கிறார்கள். பலகை மேல் பாய் பிடித்து நிற்கிறவளைக் காற்று இழுக்கும், வேகம் வந்ததும் தண்ணீருக்கடியில் திருக்கை தூக்கும், பலகை தண்ணீரை விட்டு மேலே வந்து அந்தரத்தில் ஓடும். அடியில் அந்த ஒற்றைக் கம்பி மட்டும் ஆற்றைக் கிழித்துக்கொண்டு வரும். மோட்டார் சைக்கிள் வேகம். அந்த வேகத்தில் பின்பக்கத்துப் போல்ட் விட்டுப்போனால் முன்போல்ட் ஒன்று எத்தனை நேரம் தாங்கும், கம்பி பிய்த்துக்கொண்டு போகும், பலகை மூக்கைக் குத்தும், ஆள் முன்னால் போய் விழுவாள், சிறகு பின்னாலேயே வரும். சிறகின் ஓரம் மீன் வெட்டுகிற கத்தி மாதிரி இருக்கும். தெக்லாவே ஒரு தடவை அதில் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டவள், அந்தத் தழும்பு இப்போது அரித்தது. இன்றைக்கு வெள்ளம் வேறு வற்றுகிறது, ஆற்றுக்குள் ஏறிய கடல்தண்ணீர் திரும்பிப் போகிற நேரம். மேற்கேயிருந்து கச்சான் காற்று, அதுவும் கடலைப் பார்த்து, ஆறும் கடலைப் பார்த்து. விழுந்தவளை இரண்டும் சேர்ந்து முகத்துவாரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். அதற்குத்தான் கிளிட்டஸ் அண்ணன் மோட்டார் படகோடு முகத்துவாரத்துக்குக் கிட்டே போய் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், தூரத்தில் ஒரு நீலத் தொப்பியாக, ஆன்சிலா ஏறும்வரை முகத்துவாரத்து அலையைப் பார்த்து, இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு. அவருடைய போன் இதோ இவளுக்குப் பக்கத்தில் பையில் கிடக்கிறது. படகில் போன் கூடாது, கண்ணு ஆள்மேலதான் இருக்கணும் என்பது அவர் வைத்த சட்டம். எல்லோருமே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டிருக்கலாம். தொடையளவு, இடுப்பளவு, அந்தப் பலகையை மிதக்கவிட்டு ஏறுகிற ஆழத்துக்கு ஆன்சிலா பையப் பைய நடந்து போனாளே, அத்தனை நேரம் இருந்தது. ஏட்டி நில்லு, அவ்வளவுதான், இரண்டு சொல். ஆனால் தண்ணிக்குப் போகிறவளைப் பின்னாலிருந்து யார் கூப்பிடுவார்கள். இந்தக் கரையில் பிறந்த எந்தப் பொம்பளை கூப்பிடுவாள். தெக்லாவின் அப்பா கடலுக்குப் போகும்போது வெற்றிலைப் பையை மறந்து வைத்துவிட்டுப் போவார், அம்மா அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடி, கோயில் சுவரைச் சுற்றி, ஐஸ் கம்பெனி சந்து வழியாகப் போய் அவருக்கு முன்னால் எதிரே வந்து நிற்பாள், ஏதோ தற்செயலாகப் பார்த்த மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு. அப்பாவும் தற்செயலாகப் பார்த்த மாதிரியே வாங்கிக்கொண்டு போவார். இதைச் சொல்லிச் சொல்லி ஆன்சிலாவும் இவளும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தாலும் ஆன்சிலா விட்டுக்கொடுக்க மாட்டாள். தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போடாமல் இறங்க மாட்டாள், பாய்மரத்தை யாரும் தாண்டக் கூடாது, போன வருஷம் டவுனிலிருந்து வந்த ஒருத்தர் போட்டோவுக்காகப் பின்னாலிருந்து ஹலோ என்று கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான், பலகையைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள், உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நல்ல காற்றெல்லாம் வீணாகப் போகப் போக முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம்தான் போனாள். கிளிட்டஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே சத்தம் போடுறதுதானட்டி என்று. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு நிறுத்தினால் திட்டுவாள். அதனால்தான் கூப்பிடவில்லை. தெக்லா இதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அது கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

அங்கே ஆன்சிலா பாயைத் தூக்கிவிட்டாள். இரண்டு தடவை பாயை இறைத்தாள், பலகை தட்டுத்தட்டென்று அலைமேல் அடித்துக்கொண்டு போனது, சட்டென்று சத்தம் நின்றது. எழும்பிவிட்டாள். அந்தச் சத்தம் நிற்கிற இடம் தெக்லாவுக்குத் தெரியும். ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். கிளிட்டஸ் அண்ணன் எங்கேயோ பழையதாக இந்தப் பலகையைக் கொண்டுவந்த வருஷம், பையன்கள் எல்லாம் ஏறி ஏறி விழுந்தபோது, எட்டாங்கிளாசோடு நின்று கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த தெக்லா, நாலு பேர் பார்க்கப் பேசவே வாய் வராத தெக்லா, ஆன்சிலா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தாள், வந்த மூன்றாம் வாரம் எழும்பிவிட்டாள். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த அலைச்சத்தம், பலகைச்சத்தம், கரையில் பையன்கள் கத்துகிற சத்தம் எல்லாம் யாரோ கதவைச் சாத்தினாற்போல் நின்றுபோனது. ஆறு கீழே இருந்தது. கால் அந்தரத்தில் இருந்தது. அடியில் கம்பி மட்டும் மெல்ல ரீங்கரித்துக்கொண்டு வந்தது, அதுவும் காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. பேசத் தேவையே இல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கரையில் ஆன்சிலா குதித்தாள், தன்னால் ஆகாததைத் தன் கூட்டாளி செய்தாள் என்று குதித்தாள். அவளுக்கு எழும்ப அதற்கப்புறம் வெகு நாள் ஆனது. அப்புறம் ரூபன் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள், மாப்பிள்ளை கப்பலில் வேலை, தெக்லா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், குனிந்த தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரூபன் நல்லவன்தான், கப்பலுக்குப் போனால் மாதக்கணக்கில் போகிறான், வந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். மாமியும் கெட்டவள் இல்லை. இன்றைக்குக்கூட ஆன்சிலா ஊருக்குப் போறா, பார்த்துட்டு வாரேன் என்றதும் போயிட்டு வா என்றாள், ஆற்றுக்கு என்று இவளும் சொல்லவில்லை, எங்கே என்று அவளும் கேட்கவில்லை. யாரும் எதையும் பிடுங்கவில்லை. அதனால்தான் யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆன்சிலா அடுத்த வாரம் கோவாவுக்குப் போகிறாள், அங்கே பந்தயத்துக்குத் தயார் பண்ணுகிறார்கள், இந்த ஆற்றில் இன்றைக்கு அவளுக்குக் கடைசி. கடைசி நாள் உனக்கும் ஒரு ரவுண்டு, பிள்ளையை நான் வச்சிருக்கேன், வாட்டி என்று அவள்தான் ஆளனுப்பினாள். தெக்லா வந்து, பலகையைத் தொட்டு, அந்த மிதிக்கிற இடத்துச் சொரசொரப்பைத் தடவி, ஆன்சிலாவின் கால் நின்று நின்று தேய்ந்திருந்த தடத்தைப் பார்த்தாள். தன் கால் தடம் எங்கேயும் இல்லை. அப்போது மனசுக்குள் ஒன்று அசைந்தது. பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிய ஒன்று இல்லை, சேற்றுக்குள் நண்டு அசைகிற மாதிரி. அது அசைந்ததற்குப் பிறகுதான் ஆலன் கீயை எடுத்தாள். அதற்குப் பிறகுதான் முன்போல்ட், அதற்குப் பிறகுதான் பின்போல்ட். இந்த வரிசையை நினைக்காமல் இருக்கலாம். நினைத்தாகிவிட்டது.

அங்கே பாய் திரும்புகிறது. ஆன்சிலா கோரைமேட்டுப் பக்கம் போய், பாயைச் சுழற்றிப் போட்டு, காலை மாற்றி, பலகையைக் கீழே விடாமலேயே திரும்பிவிட்டாள், இப்போது இந்தப் பக்கம் பார்த்து வருகிறாள். முகம் தெரிகிறது. ஆரஞ்சு ஹெல்மெட்டுக்குக் கீழே பல் தெரிகிறது. எதிரே வருகிறவளைக் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இப்போது கூப்பிடலாம், இதோ, கத்தினால் கேட்கிற தூரம், கையை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கும் மறுக்குமாக ஆட்டினால் போதும், கரைக்கு வா என்று அர்த்தம், அதுவும் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு கையில் பிள்ளையின் தலை இருக்கிறது. மாரில் வாய் இருக்கிறது. கையை எடுத்தால் அழும். கத்தினால் திடுக்கிடும். வாயைத் திறந்தாள் தெக்லா. வார்த்தை வந்து நின்றது, கல்யாணப் பேச்சில் நின்றதே, அதே இடத்தில். என்னவென்று கத்துவது. போல்ட்டை முறுக்கினேனா இல்லையான்னு தெரியலட்டி என்றா. முறுக்கியிருந்தால் எவ்வளவு கேவலம், கடைசி நாளில் அவளுடைய ஓட்டத்தைக் கெடுத்து, இவளுக்குப் பிள்ளை பெத்து மூளை கரைஞ்சுபோச்சு என்று சிரிப்பார்கள். ஆன்சிலா கிட்டே வந்து, ஒரு கையை எடுத்து ஆட்டினாள். தெக்லா என்ன செய்தாள் என்றால், பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கி, டாட்டா காட்டினாள். பிள்ளையின் கை பால் வாசனையோடு காற்றில் ஆடியது. ஆன்சிலா சிரித்தாள், அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை, தெரிந்தது. திரும்பவும் பாயைச் சுழற்றினாள். திரும்பவும் முதுகு.

இதற்கு மாமூல் இல்லை, சாத்திரம் இல்லை. அம்மா இல்லை, சந்து இல்லை. முகத்துக்கு நேரே வந்தவளுக்கு டாட்டா காட்டி அனுப்பியது தெக்லா. அப்படியானால் முதலிலும் கூப்பிடாமல் இருந்தது அந்தச் சாத்திரத்துக்காகத்தானா. இல்லை என்றால் வேறு எதற்கு. வேறு ஒன்றும் இல்லை, கூச்சம், அவ்வளவுதான், பிறந்ததிலிருந்து இருக்கிற கூச்சம். ஆன்சிலா விழ வேண்டும் என்று நினைத்தேனா, மாதாவே, நினைக்கவில்லை. நினைக்கவில்லையே தவிர, விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேனே, கம்பி எப்படிப் பிய்த்துக்கொண்டு போகும், ஆள் எப்படிப் போய் விழுவாள் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டேனே, நினைக்காதவள் அவ்வளவு துல்லியமாகப் பார்ப்பாளா. பிள்ளை தூங்கிவிட்டது. அதன் வாயோரத்தைத் துடைக்கத் துணியெடுக்கலாம் என்று பையில் கையை விட்டால் விரலில் ஜில்லென்று பட்டது ஆலன் கீ. இது ஏன் இங்கே. முடிந்ததும் கொட்டகைத் தூணில் இருக்கிற ஆணியில் மாட்ட வேண்டும் என்பது அண்ணனுடைய சட்டம், மாட்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை தெக்லா, முடிந்தால் மாட்டியிருப்பாள். மாட்டவில்லை என்றால் முடியவில்லை. அவசரத்தில் துணியோடு சேர்த்துப் பைக்குள் போட்டிருக்கிறாள். தெக்லா எழுந்தாள். தூங்குகிற பிள்ளையைப் பாய்ப் பையின் மேல் கிடத்தினாள், காற்றுக்கு அணையாக லைஃப் ஜாக்கெட்டைச் சாத்திவைத்தாள், தண்ணீருக்கு ஓடினாள், முட்டளவு சேற்றுத்தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். குறுக்கும் மறுக்குமாக. பார்க்கத்தான் ஆள் இல்லை. நீலத் தொப்பி, தன்னைத் தாண்டிப் போகிற பாயைப் பார்த்து, கடல்பக்கம் திரும்பியிருந்தது. பாய் சின்னதாகிக்கொண்டே போனது, வற்றுகிற ஆற்றோடு, கச்சானோடு. ஆன்சிலா என்றாள். தனக்கே கேட்காத குரலில் வந்தது. இன்னொரு தடவை சொல்வதற்குள் அங்கே பாய் படக்கென்று படுத்துவிட்டது.

படுத்த பாய் தண்ணீர்மேல் ஒரு வெள்ளைத் துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஆரஞ்சு இல்லை. தெக்லா அந்த ஆரஞ்சைத் தேடினாள். அலை முதுகில் வெயில் அங்கங்கே ஆரஞ்சாகப் பளபளத்தது, ஒவ்வொன்றும் அதுதான், ஒன்றும் அது இல்லை. கிளிட்டஸ் அண்ணன் எழுந்து நின்றார். மோட்டார் இழுக்கிற சத்தம் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. தெக்லாவுக்குக் கால் அடியில் மண் கரைந்துகொண்டிருந்தது, வெள்ளம் வற்றும்போது நிற்கிறவர் காலடி மண்ணைத்தான் அது முதலில் எடுக்கும். மாதாவே, அவ எழும்பினா நான் இனிமே எதையும் கேட்க மாட்டேன் என்றாள், பலகையைத் தொட மாட்டேன் என்றாள், இந்த ஆற்றுப் பக்கமே வர மாட்டேன் என்றாள், அப்புறம் இதெல்லாம் நேர்ச்சையில் சேராதே, ஏற்கெனவே போனதைத்தானே கொடுக்கிறேன் என்று தோன்றியது. வேறென்ன இருக்கிறது கொடுக்க. பின்னால் பிள்ளை கிடக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், உள்ளே சொன்னதுகூட வெளியே போய்விடுமோ என்று. அங்கே வெள்ளைத் துண்டின் ஒரு ஓரம் அசைந்தது. மேலே வந்தது. ஆரஞ்சும் வந்தது. பாய் எழுந்து, தண்ணீரை உதறி, நிமிர்ந்தது. படகு மோட்டார் நின்றது, நீலத் தொப்பி உட்கார்ந்துகொண்டது, ஒன்றும் நடக்காத மாதிரி. தெக்லாவும் கரைக்கு வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முழங்காலுக்குக் கீழே துணியெல்லாம் சேறு.

ஆன்சிலா வந்து பலகையை ஆழமில்லாத இடத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு, சவத்துப் பிளாஸ்டிக் பை ஒண்ணு திருக்கையில மாட்டி என்னைக் கவுத்திட்டு, உனக்குத் தெரிஞ்சிச்சா என்று சிரித்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கெண்டைக்கால் இரண்டும் முழுசாக இருந்தன, தெக்லா அதைத்தான் முதலில் பார்த்தாள். படகும் வந்து சேர்ந்தது. அடுத்தது நீதான், வெள்ளம் இன்னும் கொஞ்சம் வத்தினா திருக்கை தரையில இடிக்கும், சீக்கிரம் என்று ஆன்சிலா அவசரப்படுத்தினாள், ஹெல்மெட்டைக் கழற்றி இவள் தலையில் கவிழ்த்தாள், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஈரத்தோளில் போட்டுக்கொண்டாள். அது ஒரு தடவை நெளிந்துவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது. மறுக்க வேண்டும் என்று தெக்லாவுக்குத் தெரியும். இப்போதுதான் மாதாவிடம் சொன்னாள். ஆனால் கால் அதுபாட்டுக்கு நடந்து பலகைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டது. பைக்குள்ளிருந்து எடுத்த ஆலன் கீயை யாரும் பார்க்காத மாதிரி பின்போல்ட்டில் வைத்தாள். திருப்பினாள். அரைச் சுற்று திரும்பி நின்றது. அரைச் சுற்று. முறுக்கியிருக்கிறாள், முழுசாக முறுக்கவில்லை. இல்லை, முழுசாக முறுக்கி, ஓட்டத்தில் தளர்ந்திருக்கிறது. கிளிட்டஸ் அண்ணன் குனிந்து பார்த்து, ஒரு ஓட்டம் ஓடினா கொஞ்சம் விடத்தான் செய்யும், எப்பவும் பார்த்துக்க என்று தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். முன்போல்ட்டிலும் வைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. அதனால் என்ன, முன்போல்ட்டைத்தான் இவள் மூச்சைப் பிடித்து இழுத்தாளே. அந்த அரைச் சுற்று யாருடையது என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆற்றுடையதாக இருக்கலாம். இருக்கட்டும் என்று வைத்தாலும், அந்த டாட்டா யாருடையது.

லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு அணையாக வைத்திருந்ததால் உள்பக்கம் கதகதப்பாக இருந்தது. பலகையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முட்டளவு. தண்ணீர் முன்னால் இழுத்தது, வா வா என்று. தொடையளவு. இன்னும் கொஞ்சம் போனால் ஏறிவிடலாம், ஏறிவிட்டால் பாயை இரண்டு தடவை இறைத்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே ஒரு சத்தமும் வராது, தன்னுடையதுகூட வராது. அதற்குத்தான் இவ்வளவு ஆசையா. ஆசைதான். உள்ளங்கால் இப்போதே கூசியது.

"ஏட்டி தெக்லா."

பின்னாலிருந்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிப்பி பொறுக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. தெக்லா நின்றுவிட்டாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆள் ஓடிவருகிற சத்தம். ஆன்சிலா பிள்ளையை ஒரு கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறு கையால் இவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். கீழ்க்கொக்கி இரண்டும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. விழுந்தால் ஜாக்கெட் மட்டும் தலைவழியே உருவிக்கொண்டு மிதக்கும், ஆள் அடியில் போவாள். ஒரு கையாலேயே கொக்கியை மாட்டினாள், சுண்டி இழுத்துப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. பிள்ளை விழித்துக்கொண்டு அம்மாவின் ஹெல்மெட்டைப் பார்த்து முழித்தது.

"கூப்பிட்டுட்டேன்," என்றாள் ஆன்சிலா, மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "வா, கரையில கொஞ்சம் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ. காத்துப் போனாப் போவுது."

தெக்லா அவள் முகத்தைப் பார்க்காமல், இதுக்குப் போயி ஏன்ட்டி கூப்பிட்ட என்று கேட்டாள். குரல் அவ்வளவு மெல்ல வந்தது.

"பெறவு? கண்ணுல பட்டபெறவு உன்னெ அப்படியே விட்டுருவனா?"

பலகையைக் கரையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஆன்சிலா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ஆற்றின் நடுவில் திட்டு தெரிய ஆரம்பித்திருந்தது, அதன் மேல் கொக்கு ஒன்று வந்து இறங்கியது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது. கிடந்த பாயின் ஓரம் ஒரு தடவை துடித்துவிட்டு அடங்கியது. இவள் சொல்லலாம். பின்போல்ட் என்று ஆரம்பித்தால் போதும், மற்றது வந்துவிடும். பிள்ளை ஆன்சிலாவின் மடியில் உட்கார்ந்து அவள் கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆன்சிலா கோவாவில் ஆறு இப்படிக் கலங்கியிருக்குமா, தெளிவாக இருக்குமா என்று என்னவோ பேசிக்கொண்டே போனாள். தெக்லா அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தீர்ந்துபோன பிறகும் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.